நிர்வாகியின் இடது கை

எங்கள் தொழிலில் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. "நான் போட்டது அப்படியேதான் இருக்கு, கம்ப்யூட்டருக்குத்தான் மறந்துபோச்சு" என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கும் நடந்திருக்கும். ஏதோ அவசர வேலை. அந்த நேரம் பார்த்து, என்னைப் புதுப்பித்தால்தான் மேற்கொண்டு நகர்வேன் என்று கம்ப்யூட்டர் அடம் பிடிக்கும். சரி, புதுப்பித்துக்கொள் என்றால் நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். யார் அந்த நிர்வாகி? மெஷினை வாங்கியது நீங்கள், கரண்ட் பில் கட்டுவது நீங்கள், தூசி துடைப்பதும் நீங்கள். நிர்வாகி மட்டும் வேறு யாரோ. என்றோ வந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஆளாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற மகனாக இருக்கலாம், அல்லது சில வருஷத்துக்கு முந்தைய நீங்களாகவே இருக்கலாம். இந்த மூன்றாவது ஆளைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையைப் பல வருஷம் பார்த்தேன். அங்கே இந்தக் கடவுச்சொல் நோயாளிகள் போனில் வெறும் குரலாக வருவார்கள். ஊருக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையில் கடை போட்ட பிறகுதான் முகங்களைப் பார்க்கிறேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் கண்ணாடி போட்ட ஒரு பொம்பளை வேறு என்னவாக இருக்க முடியும்? திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடவுச்சொற்களையும் மாற்றியிருப்பேன் என்பதை, சக நோயாளிகளான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேலையில் சுற்றிய பெட்டி

மார்கழி பிறந்த வாரம் தங்கபாய் மைனி வந்தார்; அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம். முக்கூடலிலிருந்து பஸ்ஸில், பழைய நூல் சேலையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. முக்கூடலில் அவர்களுக்கு ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் விருந்தான அசனப் பண்டிகை அழைப்பு, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்துக்கே நல்லது கெட்டது சொல்லும் இடம். பக்கம் அமைப்பது, பூ வரைவது, எழுத்துக் கோப்பது எல்லாம் அவர் கணவர் செல்லத்துரை அண்ணாச்சிதான். அவருக்கு ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. புத்தி தெளிவாக இருக்கிறது, வாயில் மட்டும் வார்த்தை இல்லை. மைனி வேலைக்கு ஒரு பெண்ணை வைத்து, புது பிரிண்டரும் வாங்கிவிட்டார். பெட்டியோ, புதுப்பித்தால்தான் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்வேன் என்கிறது. புதுப்பிக்கப் போனால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. நிர்வாகி வீட்டுக் கட்டிலில் பேசாமல் படுத்திருக்கிறார்.

கடவுச்சொல்லைத் தூக்கிவிட்டுப் பிரிண்டரை ஓடவைப்பது எனக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் முன்பு ஒரு வேலையாள் அண்ணாச்சியின் வடிவங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இன்னொரு அச்சகத்தில் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் தன் கோப்புகளை அந்தக் கடவுச்சொல்லோடு சேர்த்தே பூட்டி வைத்திருந்தார். சொல்லை உடைத்தால் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்து வைத்த அத்தனையும் யாராலும் திறக்க முடியாத கட்டையாகிவிடும். தை பிறந்தால் முகூர்த்தங்கள். மார்கழிக்குள் அச்சகம் ஓடாவிட்டால் கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அண்ணாச்சியின் தம்பி பேசி முடித்திருந்தார். இரண்டு வழியையும் மைனிக்கு எடுத்துச் சொன்னேன். சேலை முடிச்சைத் தடவிக்கொண்டே கேட்டவர் சொன்னார்:

"பிரிண்டர் போனா வேற வாங்கலாம் டீச்சர். அதுக்குள்ள இருக்கது அவிய கை. அதை அழிச்சுத்தான் தொறக்கணும்னா, பூட்டியே கெடக்கட்டும்."

பெயர் சொல்லாத வீடு

அதே வாரம் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தார். மகளுடைய கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பப் போனால் புதுப்பிக்கச் சொல்கிறது, புதுப்பிக்கப் போனால் சொல் கேட்கிறது. கணவர் துபாயில். விடுமுறையில் வந்தபோது அவர்தான் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மேஜையிலிருந்தே போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். மறுமுனையில் அந்த மனிதர், பக்கத்தில் யார் என்று கேட்டார். கம்ப்யூட்டர் டீச்சர் என்றதும் அப்புறம் எழுதி அனுப்புகிறேன் என்று நழுவப் பார்த்தார். இவர் விடவில்லை. "இப்பவே சொல்லுங்க மச்சான், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

துபாயில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மிகவும் தணிந்த குரலில், வரிசையாக எழுத்துகள் வந்தன. நான் அடித்தேன், திறந்தது. அடித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து போயிருந்தது. வந்த எழுத்துகள் அவருடைய சொந்தப் பெயர். புதுப்பிப்பு ஓடி முடிந்து, மடிக்கணினியைப் பையில் வைக்கும்போது சொன்னார்:

"கல்யாணம் ஆனதிலேருந்து என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லக்கா, 'இந்தா புள்ள'தான். இதுக்கிட்ட மட்டும் தெனமும் சொல்லியிருக்காஹ."

எத்தனை முக்கூடல்

முக்கூடல் பெட்டிக்கும் கடவுச்சொல் தெரியாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. நல்லாயிருந்த காலத்தில் அண்ணாச்சியே மைனியிடம் சொல்லியிருக்கிறார்: "ஊர் பேருதான் போட்டிருக்கேன்." இப்போது கேட்டாலும், முக்கூடலா என்றால் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார். ஆகவே அடித்தேன். ஒரு 'கே', இரண்டு 'கே', ஒரு 'ஓ', இரண்டு 'ஓ', நடுவில் 'யூ', முதல் எழுத்து பெரிது, எல்லா எழுத்தும் பெரிது, பின்னால் பின்கோடு, பின்னால் அச்சகம் தொடங்கிய வருஷம். ஆங்கிலத்தில் முக்கூடலை எழுத இத்தனை வழி இருப்பது, அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டருக்கே தெரிந்திருக்காது. நாலைந்து தடவை தப்பானால் பெட்டி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நிற்கும். அது சமாதானமாகும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பிப்பேன்.

இப்படி ஒரு காத்திருப்பில் அண்ணாச்சியின் தம்பி ஜெபராஜ் வந்து சேர்ந்தார். உரக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை, அண்ணன் படுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் அவர்தான். ஆனால் மைனியால் அச்சகத்தை ஓட்ட முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டடத்துக்கு ஒரு பேக்கரிக்காரரைப் பார்த்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாகக் கொடுங்கள், பெட்டியையாவது வித்துவிடலாம் என்றார். மார்கழி முடிய இன்னும் நாள் இருக்கிறது என்றேன். என் முன்னால் இருந்த காகிதத்தில் அடித்து அடித்து எழுதியிருந்த முக்கூடல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"பெங்களூர்ல இதுக்குத்தான் சம்பளம் வாங்குனியளா டீச்சர்? ஊர் பேரை எழுதிப் பழகுததுக்கு?"

பாபநாசத்துக் குரங்கு

பாபநாசத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர். அருவிக்கு வருகிறவர்களுக்கு அறை எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டரில் புதுப்பிப்பு நின்றுபோயிருந்தது. ஜன்னல் வழியாக வந்த குரங்கு, கீபோர்டில் மூன்று சாவிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கடவுச்சொல்லில் இருந்த எழுத்துகளும் சரியாக அந்த மூன்றும்தான் என்பது அவருடைய புகார். வேறு கீபோர்டு கொண்டுபோயிருந்தேன். சொல் என்ன, நானே அடிக்கிறேன் என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். தெரியவில்லை. தினமும் அடிக்கிற சொல், சொல்லத் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மேஜை விளிம்பில் விரல்களை வைத்து இப்படியும் அப்படியும் தட்டினார். அந்தத் தட்டலுக்கு அடியில் கீபோர்டை நைசாகத் தள்ளினேன். திறந்துவிட்டது.

இருவரும் சிரித்தோம். புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கையில், எந்த மூன்று சாவி என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார், பாதுகாப்புக் காரணம். ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் அந்தக் குரங்கோ அதன் சொந்தக்காரக் குரங்கோ உட்கார்ந்து எங்களையே கவனித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அது சும்மா பிடுங்கல டீச்சர். ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

பாதிச் சொல்

பாபநாசத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில், மேஜை விளிம்பில் தட்டிய அந்த விரல்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. வாய்க்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது. மைனிக்குப் போன் செய்து, கடவுச்சொல்லைக் கேட்கும்போது அண்ணாச்சி கையை ஏதாவது செய்வாரா என்று கேட்டேன். இடது கையால் தொடையில் தட்டுவார், நோயோட சேர்ந்தது என்று நினைத்து நான் பிடித்து அமுக்கிவிடுவேன் என்றார். அண்ணாச்சி இங்கிலீஷில் வேகமாக அடிப்பாரா என்று கேட்டேன். மைனி சிரித்துவிட்டார். "இங்கிலீஷா? அவிய என் பேரைக்கூட இங்கிலீஷ்ல அடிச்சதில்ல. எல்லாம் தமிழ்தான், மழை பெஞ்ச மாதிரி அடிப்பாவ."

பஸ்ஸிலேயே என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர் கொசுவா என்று கேட்டார். அச்சகத்துப் பழைய எழுத்துருக்கள் எல்லாம் ஒரு வேஷம்தானே! கீபோர்டு இங்கிலீஷ், மேலே போட்டிருக்கிற சட்டை தமிழ். அண்ணாச்சியின் விரல் 'க' என்று நினைத்து ஒரு சாவியைத் தட்டும். திரை 'க' என்று காட்டும். பெட்டிக்கு மட்டும் அது ஒரு இங்கிலீஷ் எழுத்து. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் திரை வெறும் புள்ளிகளைத்தான் காட்டும். அவர் தமிழில் முக்கூடல் என்று அடித்திருக்கிறார். பெட்டிக்குள் போனது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் குறிகளும் கலந்த, எந்த மொழியிலும் இல்லாத ஒன்று. பெங்களூரில் பாதுகாப்பு நிபுணர்கள் எங்களைக் கெஞ்சிக் கேட்டு வைக்கச் சொன்ன மாதிரியான கடவுச்சொல். அவருக்கு அது சொந்த ஊர்.

இது எனக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. பள்ளி முடித்த கோடையில், இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும்போல, நானும் டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்தவள்தான். காலையில் இங்கிலீஷ், சாயங்காலம் தமிழ். ஒரே பத்து விரலுக்கு இரண்டு ஊர். அப்புறம் பிழைப்பு ஒரு ஊருக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைக்கு வந்ததும் கீபோர்டில் விரல்களை வைத்து, சாயங்கால வகுப்பை நினைத்துக்கொண்டேன். 'மு' வந்தது. 'க்' வந்தது. 'கூ' வரவில்லை. நான் படித்த மெஷினில் அது இருந்த இடம் வேறு, இந்த எழுத்துருவில் வேறு. இரண்டு மூன்று இடங்களில் தேடினேன், பெட்டி முறைத்துக்கொண்டது. மறுநாள் நானே அதை மைனியின் சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன்.

அண்ணாச்சியை இரண்டு பேர் தாங்கி அச்சகத்துக்குக் கூட்டிவந்தார்கள். படுத்த பிறகு அவர் அங்கே வருவது அன்றுதான் முதல் தடவை. ஜெபராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் உட்காரவைத்துக் கீபோர்டை முன்னால் நகர்த்தினேன். அவருடைய இடது கை தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் ஷிப்டை அழுத்தியது. அவ்வளவுதான், அப்படியே நின்றது. கை தடுமாறுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கிற்று: ஷிப்ட் இடது கையுடையது, 'ம' வலது கையுடையது. அவர் தடுமாறவில்லை, காத்திருக்கிறார். பெஞ்சில் அவருக்கு வலப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, என் வலது கையை வைத்தேன். அவர் ஷிப்டோடு சேர்த்து நான் 'ம' தட்டியதும் 'மு' ஆயிற்று. அவர் 'க' தட்டினார். நான் புள்ளி வைத்தேன். அடுத்து அவர் விரல் மேல் வரிசைக்குப் போய், ஒரு சாவிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. 'கூ' அங்கேதான் இருந்திருக்கிறது! நான் என் பக்கத்து ஷிப்டை அழுத்திப் பிடித்தேன், அவர் தட்டினார். மீதி 'டல்' முழுக்க வலது கையின் பங்கு. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், இனி உன் பாடு என்கிற மாதிரி. ட, ல, புள்ளி. திறந்தது. உள்ளே பூவும் மாவிலையும் சிலுவையும் வேலும் வரிசை வரிசையாகக் கிடந்தன. மைனி திரையைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார், இத்தனை நாளும் தொடையில் தட்டிக்கொண்டிருந்த அந்த இடது கையைப் பார்த்தார்.

"ஏங்க, வலது கைதான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

முன்னால ரெண்டு வேலை

புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மைனிக்கு வலப்பக்கச் சாவிகளைச் சொல்லிக்கொடுத்தேன். நான் 'த' என்பேன். மைனி தேடித் தட்டுவார். தப்பினால் அண்ணாச்சி தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது; மைனிக்குத் தெரிந்திருந்தது, உடனே திருத்திக்கொண்டார். தை பிறந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பத்திரிகையை அடித்தார்கள். மழை இல்லை, தூறல். ஆனால் விடாத தூறல். வேலைக்கு வைத்த பெண் பார்த்துக்கொள்ள, புது பிரிண்டர் மூச்சு விடாமல் ஓடியது. பேக்கரிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஜெபராஜ் கையில் ஒரு தாளோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகைக்கு விவரம் கொண்டுவந்திருக்கிறார். அவசரம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்க டீச்சர் என்று ஸ்டூலைக் கொடுத்தார். மைனி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பைய, தம்பி. முன்னால ரெண்டு வேலை நிக்கி."

கிளம்பும்போது தொழில் முறைப்படி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கடவுச்சொல் இப்போது நாலு பேர் முன்னால் அடிக்கப்பட்டுவிட்டது, ஊருக்கே தெரியும், உடனே மாற்றிவிடுங்கள் என்றேன். அண்ணாச்சி மைனியைப் பார்த்தார். மைனி அண்ணாச்சியைப் பார்த்தார். இரண்டு பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்கு மாத்தணும்? தெரிஞ்சா மட்டும் போதுமா, அடிக்க ரெண்டு பேர் வேணும்லா?"

இரண்டடுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன என்று பெங்களூரில் எங்களுக்குப் பெரிய ஹாலில் சாப்பாடெல்லாம் போட்டு ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள். அது முக்கூடலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருக்கிறது.